ரூடோவுக்கு, இந்த மாதக் கணக்கு

ரூடோ,
விற்றது இரண்டு.
சின்ன ஆந்தையைக் கொழும்புக்குப் போகும் வழியில்
தேத்தண்ணிக்கு நின்ற பல் டொக்டர் ஒருவர் வாங்கினார்.
பேரம் பேசவில்லை,
பெட்டிக்குள் வைக்கோல் மட்டும் கூடக் கேட்டார்.
முழங்காலில் முகம் புதைத்த பெடியன்
கிளிநொச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனான்.
நூற்றுக்கு எழுபது உங்களுக்கு.
வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன்.
வங்கிப் பிள்ளை உங்கள் ஊரின் பெயரை
மூன்று தரம் எழுத்துக்கூட்டினாள்,
பிறகு கேட்டாள்: அங்கேயும் வெயிலோ?

விற்காதது பதினெட்டு.

சோளகம் தொடங்கிவிட்டது.
ஒட்டுசுட்டான் வீதியின் புழுதி முழுக்க
உங்கள் கல்லுகளின் தலையில்.
எருமைக் கல்லில் உண்மையான மாடு ஒன்று
தினமும் முதுகு தேய்க்கிறது.
அந்தப் பக்கம் நான் மெழுகு போடுவதை விட்டுவிட்டேன்,
அது என்னைவிட நன்றாகத் தேய்க்கிறது.

பதினோராம் இலக்கத்தைப் பற்றித்தான் எழுதவேண்டும்.
தலை சரித்து நிற்பவள், உடம்பளவு காதுள்ளவள்.
பாலை மரத்தடியில் வைத்தது என் பிழை.
முதல் நாள் ஒரு செவ்வரத்தம்பூ.
செவ்வாய்க்கிழமை குங்குமம்.
அடுத்த செவ்வாய் தேங்காய் உடைத்து,
சிதறல் பட்டு உங்கள் கருங்கல்லில் ஒரு நகக்கீறல்.
வரிசையில் நின்று
காதுக்குள் வாய் வைத்துப் பேசிவிட்டுப் போகிறார்கள்.
நான் சருகு கூட்டுகிறவள், ஒட்டுக்கேட்பவள் அல்ல.
ஆனாலும் காற்று இந்தப் பக்கம் அடித்தால் என்ன செய்ய.
நுண்கடன் கொம்பனிப் பெடியன்
திங்கட்கிழமை வராமல் இருக்கவேணும் என்றாள் பொற்கலை.
ஆட்டுக்கு இரட்டைக்குட்டி கேட்டாள் ஒருத்தி.
இன்னொருத்தி ஒரு திகதியை மட்டும் சொன்னாள்,
வேறொன்றும் சொல்லவில்லை.
எந்த மாதம் என்று எங்களுக்கு எல்லாம் தெரியும்.

உங்களுக்குப் படம் அனுப்பினேன்.
நீங்கள் குரலில் பதில் போட்டீர்கள், பின்னால் உளிச்சத்தம்.
சுதர்சன் கேட்டுச் சொன்னான்:
கும்பிட்டால் என் மகளின் பள்ளிக்கூடக் காசை
ஆர் கட்டுறது?
விலையைப் பெரிதாக எழுதச் சொல்லு.

சிரித்துச் சிரித்து எழுதினேன்,
சிவப்பு மையால், பலகையில், இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம்.
அம்மாளாச்சிக்கு விலையோ என்று
ஒருத்தி பலகையைத் திருப்பி வைத்தாள்.
நான் மறுபடி திருப்பினேன்.
நாலு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள் பொற்கலை சீட்டுக் கொப்பியோடு வந்தாள்.
நாற்பத்திரண்டு பெயர்.
தலைக்கு ஐயாயிரம், பத்துத் தவணை.
தவணை என்றால் என்னவென்று
இந்த ஊருக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.
வாங்குவதுதான் வாங்குவது, கொண்டுபோக மாட்டார்களாம்.
இங்கேயே, இதே பாலையடியில் நிற்கட்டுமாம்.
பலகையை மட்டும் கழற்றவேணுமாம்.

முதல் தவணை இருபத்தோராயிரம் கையில் இருக்கிறது,
பாதி ஐம்பது ரூபாய்த் தாள்கள், சிலதில் மீன் மணம்.
உங்கள் பங்கு இதோடு வருகிறது.
கொப்பியில் எங்கே எழுதுவது?
விற்றதிலா, விற்காததிலா?

நேற்றுக் காலை கீறலைச் சரிசெய்தேன்.
நீங்கள் காணொளியில் காட்டியபடி
ஈரத் தேய்தாள், பிறகு நெருப்பு, பிறகு மெழுகு.
சூடு ஏற ஏறச் சாம்பல் நிறம் கறுத்து வந்தது.
நெருப்பை இவ்வளவு கிட்ட வைத்து
ஒன்றைத் திருத்தலாம் என்று நான் நினைத்ததில்லை.
காதுக்குள் விரல் விட்டு மெழுகு பூசினேன்.
ஆழம் ஒன்றரை அங்குலம்.
ஆறு வருடம் கண்ணிவெடி தேடி
இந்த மண்ணை அங்குலம் அங்குலமாய்க் குத்திப் பார்த்த கை,
அளவு பிழைக்காது.
ஒன்றரை அங்குலம்தான், அதற்குப் பிறகு கல்.

அதற்குள் நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாய் கிட்டப் போனது உண்மை.

அடுத்த கொள்கலனில் தேன்மெழுகு
இரண்டு கட்டி கூட வைக்கவும்.
ஆந்தைகள் இன்னும் அனுப்பலாம்.

மாங்குளம், ஆறாம் கட்டை.
தவயோகினி